வீட்டிலேயே முடியை நேராக்கப் போகிறீர்களா? ஒரு நிமிஷம்!

வெற்றிலை போடுகிற பழக்கம் உங்கள் வீட்டில் யாருக்காவது உண்டா? சுண்ணாம்பு கொஞ்சம் கூடிப்போனால் என்ன ஆகும் என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள். ''நாக்கு வெந்துபோச்சு'' என்று பாட்டி இரண்டு நாளைக்கு ரசம் சாதம்கூடச் சாப்பிட முடியாமல் தவிப்பார். விரல் நுனியில் தொட்டு எடுத்த சுண்ணாம்புக்கே இந்தக் கதி!

அந்தச் சுண்ணாம்போ, அதைவிட வீரியமான இன்னொரு காரமோ கலந்த கிரீமைத் தலை முழுக்கப் பூசிக்கொண்டு கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தால்..? 'ஹேர் ரிலாக்ஸர்' என்ற பெயரில் விற்கிற, முடியை நேராக்கும் கிரீம்களில் ஒரு வகை அப்படிப்பட்டதுதான்.

'சித்த வைத்தியர் ஆச்சே... கெமிக்கலே வேண்டாம், சீயக்காய் போடு என்றுதான் சொல்லப் போகிறார்' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். சுருட்டை முடியும் அழகுதான், நேரான முடியும் அழகுதான். உங்கள் தலை, உங்கள் விருப்பம். ஆனால், பார்லரில் ஆயிரக்கணக்கில் கேட்கிறார்கள் என்பதற்காக, பெட்டியை வாங்கி வந்து பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் பூசிக்கொள்கிற பெண்கள் அதிகமாகிவிட்டார்கள். பின்கழுத்தில் கொப்புளம், காதோரம் புண், கொத்தாக உடைந்த முடி என்று வருகிறவர்களிடம், ''பெட்டிக்குள் இருந்த தாளைப் படிச்சியாம்மா?'' என்று கேட்பேன். ''அது பொடி எழுத்து டாக்டரம்மா...'' என்று தலையைக் குனிந்துகொள்வார்கள். அந்தப் பொடி எழுத்தைத்தான் இங்கே பெரிய எழுத்தில் சொல்லப் போகிறேன்.

இடம், அளவு, நேரம்!

சித்த மருத்துவத்தில் புற மருத்துவ முறைகள் 32. அவற்றில் 'காரம்' என்பதும் ஒன்று. வேண்டாத சதையை அரித்து எடுக்கிற மருந்து அது. கல்லூரியில் எங்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கும்போதே மூன்று விஷயங்களில் கண்டிப்பாக இருப்பார்கள். எந்த இடம், எவ்வளவு அளவு, எத்தனை நேரம். இந்த மூன்றில் ஒன்று தப்பினாலும் காரம் மருந்தாக இருக்காது, நெருப்பாகிவிடும்.

கடையில் வாங்கும் ரிலாக்ஸருக்கும் இதே மூன்றுதான் கணக்கு.

நம் தலைத்தோலின் இயல்பு லேசான அமிலத் தன்மை. பி.ஹெச். அளவில் சொன்னால் 5 அல்லது 5.5. சுண்ணாம்புத் தெளிநீருக்கு 12-க்கு மேல். இந்த அளவில் ஒரு எண் கூடினால் வீரியம் பத்து மடங்கு கூடுகிறது என்று அர்த்தம். 5-லிருந்து 12 எவ்வளவு தூரம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம். அமிலம் பட்டால் 'சுரீர்' என்று உடனே தெரியும். கை தானாகவே தண்ணீரைத் தேடும். காரம் அப்படி அல்ல. முதலில் வழுவழுவென்று சோப்பு மாதிரிதான் இருக்கும். எரிச்சல் தெரிகிற நேரத்தில் அது தோலுக்குள் இறங்கியிருக்கும். ஆழமாகப் புண்ணாகி முடியின் வேர்க்கால் அழிந்துவிட்டால், அந்த இடத்தில் மறுபடி முடி முளைக்காது. எந்தத் தைலத்தாலும் அதை முளைக்க வைக்க முடியாது.

முடிக்குள் என்ன நடக்கிறது?

முடி என்பது கெரட்டின் என்ற புரதம். ஒரு ஏணியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இரண்டு பக்கமும் நீளக் கம்புகள், குறுக்கே படிகள். முடிக்குள் குறுக்குப் படிகளாக இருப்பவை கந்தகப் பிணைப்புகள். சுருட்டை முடியின் வடிவத்தைப் பிடித்து வைத்திருப்பதும் இவைதான், முடிக்கு உறுதி கொடுப்பதும் இவைதான். படிகளைக் கழற்றினால் வடிவம் மாறும். கூடவே உறுதியும் குறையும். இரண்டும் சேர்ந்தேதான் வரும்.

கழற்றுகிற மருந்துகளில் முக்கியமாக இரண்டு குடும்பம்.

முதலாவது, காரக் குடும்பம். சோடியம் ஹைட்ராக்ஸைடு, அதாவது சோப்புக் காய்ச்ச உபயோகிக்கும் காஸ்டிக் சோடா இதில் ஒன்று. 'நோ லை' என்று போட்டு, மென்மையானது என்று விற்பவற்றில் பலவும் நம் சுண்ணாம்பையும், குவானிடின் கார்பனேட் என்ற உப்பையும் கலந்து தயாராகிறவை. 'லை' இல்லை என்றால் காரமே இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இதுவும் 12-க்கு மேல்தான். இந்தக் குடும்பம் கழற்றிய பிணைப்பு திரும்பிப் பழையபடி சேராது.

இரண்டாவது, தயோகிளைகோலேட் குடும்பம். நம் ஊர் கடைகளில் இரண்டு டியூப்களாகக் கிடைக்கும் ஸ்ட்ரெய்ட்டனிங் கிரீம்களில் அதிகம் இருப்பது இதுதான். பி.ஹெச். 9-ஐ ஒட்டி இருக்கும். முதல் டியூப் படியைக் கழற்றும். நியூட்ரலைஸர் என்கிற இரண்டாவது டியூப் புது வடிவத்தில் படியைத் திரும்ப மாட்டும். 'பரவாயில்லையே, இது சாதுவாக இருக்கிறதே' என்கிறீர்களா? கை, கால் முடியை அகற்றுகிற கிரீம் இருக்கிறதல்லவா... அதில் வேலை செய்வதும் இதே குடும்பம்தான், கூடுதல் காரத்தோடு. நேரம் கூடினால் தலையிலும் அதே வேலையைக் காட்டும்!

ஒரு குடும்பத்து மருந்து பட்ட முடியில் இன்னொரு குடும்பத்து மருந்து படவே கூடாது. போன வருஷம் பார்லரில் ஸ்ட்ரெய்ட்டனிங் செய்தது, இந்த வருஷம் வீட்டில் வேறு கம்பெனி ரிலாக்ஸர் என்று செய்தால் முடி நடுவிலேயே அறுந்துவிடும்.

இந்தக் கிரீமின் கதையும் சுவாரஸ்யமானது. அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் நகரில் கேரட் மார்கன் என்ற கறுப்பினக் கண்டுபிடிப்பாளர் தையல் கடை வைத்திருந்தார். ஊசி சூடாகிக் கம்பளித் துணி கருகாமல் இருக்க ஒரு திரவத்தைத் தயாரித்தார். கையில் ஒட்டியதைத் துணியில் துடைத்தபோது அதன் சுருண்ட இழைகள் நிமிர்ந்து நின்றதைக் கவனித்தார் என்று சொல்வார்கள். 1913-ல் அதை முடிக்கான மருந்தாக விற்கக் கம்பெனி ஆரம்பித்தார். 1923-ல் போக்குவரத்து சிக்னல் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றவரும் இவரேதான். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், காரக் குடும்ப ரிலாக்ஸர்கள் மிக நெருக்கமாகச் சுருண்ட ஆப்பிரிக்க வம்சாவளி முடியை மனதில் வைத்து உருவானவை. அவற்றில் மைல்டு, ரெகுலர், சூப்பர் என்று வீரியம் வேறு வேறாக உண்டு. அலை அலையாக இருக்கிற நம் முடிக்கு, இணையத்தில் பார்த்து 'சூப்பர்' வரவழைப்பது தேவையே இல்லாத வேலை.

யார் தொடவே கூடாது?

* குழந்தைகள், வளரும் பெண்கள். ''ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு ஒரே ஒரு தடவை...'' என்ற பேச்சே வேண்டாம்.

* கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள்.

* தலையில் புண், சிரங்கு, காளாஞ்சகப்படை, சொறிந்து ரணமான பொடுகு உள்ளவர்கள். முதலில் அதற்கு வைத்தியம். பிறகுதான் அழகு.

* முடியை ப்ளீச் செய்தவர்கள், சமீபத்தில் டை அடித்தவர்கள், கறுப்பு மருதாணி என்று கடையில் விற்கும் பொடியைப் பூசியவர்கள். அந்தப் பொடிகள் சிலவற்றில் உலோக உப்புகள் இருக்கும். அவை இந்த மருந்தோடு ஒத்துப்போகாது.

* ஏற்கெனவே முடி உதிர்ந்துகொண்டிருப்பவர்கள்.

பெட்டியைப் படியுங்கள்

தயாரிப்பாளர் பெயர், முகவரி, பேட்ச் நம்பர், காலாவதி தேதி, உள்ளே இருக்கும் பொருட்களின் பட்டியல்... இவை இல்லாத பாட்டிலை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

பட்டியலில் ஃபார்மால்டிஹைடு, ஃபார்மலின், மெத்திலீன் கிளைகால் என்று எந்தப் பெயர் இருந்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். 'கெரட்டின் ட்ரீட்மென்ட்' என்ற பெயரில் வருகிற சிலவற்றில் இது உண்டு. சூடான இஸ்திரி போல அயர்ன் வைக்கும்போது ஆவியாகி மூக்குக்கும் கண்ணுக்கும் போகும். ஃபார்மால்டிஹைடு மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-லேயே அறிவித்துவிட்டது.

'ஃபார்மால்டிஹைடு இல்லாதது' என்று போட்டிருந்தால் நிம்மதியா? அதற்குப் பதிலாகக் கிளையாக்ஸிலிக் ஆசிட் சேர்க்கிறார்கள். 2024-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் ஒரு செய்தி வந்தது. 26 வயதுப் பெண். 2020, 2021, 2022 என்று மூன்று வருஷங்களில் மூன்று தடவை முடியை நேராக்கிக்கொண்டார். மூன்று தடவையும் தலையில் எரிச்சல், வாந்தி, முதுகு வலி, காய்ச்சல். பரிசோதித்தால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தது! அவர் தலையில் பூசிய கிரீமில் இருந்தது 10 சதவீதக் கிளையாக்ஸிலிக் ஆசிட். தோல் வழியாக உள்ளே போன அமிலம் ஆக்ஸலேட்டாக மாறிச் சிறுநீரகத்தில் படிகமாகப் படிந்திருக்க வேண்டும் என்று, எலிகளில் சோதித்துப் பார்த்த மருத்துவர்கள் சொன்னார்கள். முடியை நேராக்கிய பிறகு வாந்தி, இடுப்பு வலி, சிறுநீர் குறைவது என்று எது வந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போன இடத்தில், தலைக்கு என்ன பூசினீர்கள் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

இரண்டு நாள் முன்பே...

கைமூட்டின் உள்பக்கத்தில் ஒரு பொட்டு அளவு மருந்தை, தாளில் சொன்னபடி வைத்துக் கழுவிவிட்டு, 48 மணி நேரம் பாருங்கள். சிவப்பு, அரிப்பு, தடிப்பு எது வந்தாலும் அதோடு விட்டுவிடுங்கள்.

அடுத்து முடிச் சோதனை. பின்னந்தலையில் உள்பக்கமாகப் பத்து இருபது முடியை மட்டும் பிரித்து, சொன்ன நேரம் வைத்து அலசி, காய வைத்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். ரப்பர் மாதிரி நீண்டாலோ, 'பட்'டென்று அறுந்தாலோ உங்கள் முடி 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டது. கேட்டுக்கொள்ளுங்கள்.

காரக் குடும்ப ரிலாக்ஸர் என்றால், பூசுவதற்கு முன் இரண்டு நாளைக்குத் தலைக்குக் குளிக்கக் கூடாது, சொறியக் கூடாது, சீப்பால் அழுத்தி வாரக் கூடாது. தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய்ப் பசைதான் அங்கே கவசம். தயோகிளைகோலேட் வகை என்றால் பெரும்பாலும் முடியை அலசிவிட்டுத்தான் பூசச் சொல்வார்கள். எண்ணெய் இருந்தால் மருந்து பிடிக்காது. எது உங்களுடையது என்று தாளைப் பார்த்துச் செய்யுங்கள்.

பூசுகிற நாளில்

முதலில் மொட்டை மாடிக்குப் போய் டாங்க்கில் தண்ணீர் இருக்கிறதா பாருங்கள்! சிரிக்க வேண்டாம். பாதியில் குழாய் நின்றுபோனால் தலையில் இருக்கிற மருந்து உங்களுக்காகக் காத்திருக்காது. இரண்டு வாளி நிறையத் தனியாகப் பிடித்தும் வையுங்கள்.

தனியாகச் செய்யாதீர்கள். அம்மாவோ, அக்காவோ, சிநேகிதியோ ஒருவர் கூட இருக்கட்டும். பின்னந்தலை உங்கள் கண்ணுக்குத் தெரியாது.

ஜன்னலைத் திறந்து வையுங்கள். இரண்டு பேருக்கும் கையுறை வேண்டும். கிண்ணமும் சீப்பும் பிளாஸ்டிக்காக இருக்கட்டும். அலுமினியக் கிண்ணம் கூடவே கூடாது, காரம் அதைத் தின்றுவிடும். கண்ணில் காண்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழற்றுங்கள்.

நெற்றி ஓரம், காது, பின்கழுத்து எல்லா இடத்திலும் வாசலினைத் தாராளமாகத் தடவுங்கள். காரக் குடும்பம் என்றால் வகிடு எடுத்துத் தலைத்தோலிலும் தடவுங்கள்.

இனி அந்த மூன்று விஷயங்கள்.

இடம்: தோலிலிருந்து அரை சென்டிமீட்டராவது தள்ளி முடியில் மட்டும். தோலில் தேய்க்க இது எண்ணெய் அல்ல. ஏற்கெனவே நேராக்கிய முடி இருந்தால், புதிதாக வளர்ந்த பகுதியில் மட்டும் பூசுங்கள்.

அளவு: தாளில் சொன்னதற்கு மேல் வேண்டாம். மிச்சம் இருக்கிறதே என்று அப்பாதீர்கள்.

நேரம்: கடிகாரத்தை எதிரில் வையுங்கள். முதல் கோடு பூசிய நிமிஷத்திலிருந்து கணக்கு, பூசி முடித்த பிறகு அல்ல. 'இன்னும் கொஞ்சம் சுருட்டை இருக்கே, அஞ்சு நிமிஷம் விடுவோம்' என்பதுதான் நான் பார்த்த பல புண்களுக்கும் காரணம். இடையில் எரிந்தால் நேரம் முடியவில்லை என்று பார்க்காமல் உடனே அலசுங்கள். 'எரிந்தால்தான் மருந்து வேலை செய்கிறது' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது எச்சரிக்கை மணி.

பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் நன்றாக அலச வேண்டும். கொதிக்கும் நீர் கூடாது. காதுக்குப் பின்னாலும், பின்கழுத்திலும்தான் மருந்து தங்கும், அங்கே கூடுதல் கவனம். அடுத்து நியூட்ரலைஸரோ, நியூட்ரலைஸிங் ஷாம்புவோ, பெட்டியில் எது இருக்கிறதோ அதைச் சொன்ன முறைப்படி போடுங்கள். 'தண்ணியிலேயே போயிடுச்சு' என்று இதை விட்டுவிட்டால், முதல் மருந்து செய்த வேலை பாதியில் நிற்கும். முடி அடுத்த வாரம் உடையும்.

அயர்ன் வைத்துச் செய்யும் ரீபாண்டிங்கை வீட்டில் செய்ய வேண்டாம் என்பதே என் யோசனை. பிணைப்பு கழன்ற முடியில் சூட்டுக் கருவியை வைப்பதற்குப் பழகிய கை வேண்டும்.

ஏதாவது ஆகிவிட்டால்?

தோலில் எரிந்தால் தண்ணீர்... தண்ணீர்... தண்ணீர்! 20 நிமிஷம் குழாய்க்கடியில் காட்டுங்கள். காரத்துக்கு மாற்று அமிலம்தானே என்று எலுமிச்சைச் சாறு, வினிகர் ஊற்றாதீர்கள். ரணம் கூடும். மஞ்சள், பற்பசை, எண்ணெய் எதுவும் வேண்டாம். கொப்புளம் வந்தால் உடைக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

கண்ணில் பட்டால் ஒரு நொடிகூடத் தாமதிக்காதீர்கள். இமையைப் பிரித்துப் பிடித்து 20 நிமிஷமாவது ஓடும் நீரில் கழுவிவிட்டு, நேராகக் கண் ஆஸ்பத்திரி. காரம் கண்ணுக்குள் ஊடுருவிப் பார்வையையே பறிக்கக்கூடியது. தாய்ப்பால் விடுவது, விளக்கெண்ணெய் விடுவது எல்லாம் இங்கே கூடவே கூடாது. சித்த மருத்துவம் படித்த நானே சொல்கிறேன்.

குழந்தை எடுத்து வாயில் வைத்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர் கொடுக்காதீர்கள். போகும்போது புண்ணாக்கிய மருந்து வரும்போதும் புண்ணாக்கும். பெட்டியையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மிச்ச மருந்தைப் பாத்ரூம் மாடத்தில் வைக்காமல் பூட்டி வைத்தால் இந்தச் சங்கடமே இல்லை.

அப்புறம் எண்ணெய்க் குளியல் எப்போது?

இரண்டு, மூன்று நாளைக்கு முடியை இறுக்கிப் பின்ன வேண்டாம், கிளிப் வேண்டாம். இரண்டு வாரத்துக்கு டை வேண்டாம். முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். அதனால் அடுத்த முறை பூச எட்டு வாரமாவது ஆகட்டும். அதற்கும் மேல் தள்ளிப் போட்டால் இன்னும் நல்லது. கல்யாணம், நிச்சயதார்த்தம் என்றால் மூன்று வாரம் முன்னதாகவே முடித்துக்கொள்ளுங்கள். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் புண்ணோடு வந்து நிற்காதீர்கள்.

ஒரு வாரம் கழித்துத் தலைத்தோல் அமைதியாக இருந்தால் நல்லெண்ணெயோ, கரிசலாங்கண்ணித் தைலமோ மிதமாகத் தேய்த்துக் குளிக்கலாம். ஊறவைத்து அரைத்த வெந்தயமும் செம்பருத்தி இலையும் முடியை மிருதுவாக்கும். ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எண்ணெய் முடிக்கு மெருகு தரும், உராய்வைக் குறைக்கும். கழன்ற பிணைப்பை ஒட்ட வைக்காது. 'கெமிக்கல் போட்டுக்கிட்டா என்ன, தைலம் தேய்ச்சுச் சரி பண்ணிக்கலாம்' என்ற கணக்கு தப்பு.

கொட்டுகிறதா, உடைகிறதா?

''நேராக்கினதிலிருந்து முடி கொட்டுது டாக்டரம்மா, பித்தம் கூடிடுச்சா? தண்ணி ஒத்துக்கலையா?'' என்று கேட்பார்கள். கீழே விழுந்த முடியை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு நுனியில் சின்ன வெள்ளைக் குமிழ் இருந்தால் அது வேரோடு உதிர்ந்த முடி. ரத்தசோகை, தைராய்டு, காய்ச்சல் என்று உடம்புக்குள் காரணம் தேட வேண்டும். குமிழ் இல்லாமல் துண்டு துண்டாக இருந்தால் உடைந்த முடி. பித்தத்தின் மேல் பழி போடாதீர்கள், கிரீமை நிறுத்துங்கள்.

கடைசியாக ஒன்று. 2022-ல் அமெரிக்காவில் 33,000-க்கும் மேற்பட்ட பெண்களைச் சுமார் 11 வருஷம் கவனித்த ஓர் ஆய்வு வெளியானது. நேராக்கும் பொருட்களைத் தொடாத பெண்களில் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 1.64 சதவீதம் என்றும், வருஷத்துக்கு 4 தடவைக்கு மேல் உபயோகித்தவர்களுக்கு 4.05 சதவீதம் என்றும் மதிப்பிட்டார்கள். கிரீம்தான் நேரடிக் காரணம் என்று இதை வைத்து முடிவு கட்டிவிட முடியாது. எந்தப் பொருள் என்பதையும் அந்த ஆய்வு பிரித்துச் சொல்லவில்லை. ஆனால், 'மாசா மாசம் போட்டுக்கறேன்' என்கிறவர்கள் யோசிக்க இது போதாதா?

வருஷத்துக்கு ஒரு தடவை, விசேஷத்துக்கு, எல்லாச் சோதனையும் செய்து, கூட ஒருவர் இருக்கப் பூசிக்கொள்வது ஒரு ரகம். கண்ணாடியில் ஒரு சுருள் தெரிந்தாலே டியூபைத் தேடுவது இன்னொரு ரகம். முதல் ரகமாக இருங்கள். அதைவிட, ஈர முடியைத் தளர்வாகப் பின்னி உலர விட்டு அவிழ்த்தால் கிடைக்கிற லேசான நெளிவே போதும் என்று உங்கள் பெண்ணுக்குத் தோன்றிவிட்டால், பர்ஸுக்கும் நல்லது, தலைக்கும் நல்லது. ''உன் முடி அழகாத்தான் இருக்குடி'' என்று நீங்கள் ஒரு தடவை மனதாரச் சொல்லித்தான் பாருங்களேன்!